காலர் அக்காவின் முப்பத்தாறு மணி நேரம்

மதியம் பன்னிரண்டரைக்கு மணி அடித்ததும் தையல் கூடத்தின் மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. பெண்கள் மடியில் கிடந்த நூல் துணுக்குகளை உதறிவிட்டு, டிபன் டப்பாவும் தண்ணீர் பாட்டிலுமாகச் சாப்பாட்டு அறைக்கு நகர்ந்தார்கள். காதுக்குள் மட்டும் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள்.

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பெயரெல்லாம் வருகைப் பதிவேட்டோடு சரி. ஒரு சட்டையில் யார் எந்த இடத்தைத் தைக்கிறாளோ அதுதான் அவள் பெயர். கைப்பட்டி தைக்கிறவள் கஃப். பை வைக்கிறவள் பாக்கெட். பொத்தான் துளைக்குத் தையல் போடுகிறவள் காஜா. முடிந்த சட்டையை விளக்கடியில் பிடித்துக் குற்றம் கண்டுபிடிக்கிறவள் செக்கிங் அக்கா. வீட்டில் புருஷனையும் விளக்கடியில் பிடித்துத்தான் பார்ப்பாள் என்று பேச்சு. பன்னிரண்டு வருஷமாகக் காலர் தைத்துக்கொண்டிருப்பவள் காலர் அக்கா. இந்தக் கதை அவளுடையது.

வரிசையில் எவளாவது முழுகாமல் இருந்தால், சாப்பாட்டு நேரம் தானாகவே பிரசவ நேரமாகிவிடும். யாரும் ஏற்பாடு செய்வதில்லை. ஆனாலும் ஒரு முறை இருந்தது. கஃப் தொடங்குவாள், டாக்டர் கையை விரித்துவிட்டுப் போன கதை. பாக்கெட் தொடர்வாள். செக்கிங் அக்கா தனக்குப் போட்ட நாற்பது தையலை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டாத குறையாகச் சொல்வாள். இவர்களெல்லாம் கச்சேரிக்கு முன்னால் சுருதி சேர்ப்பவர்கள் மாதிரிதான். கடைசியில் எல்லோரும் காலர் அக்காவின் பக்கம் திரும்புவார்கள்.

"எனக்கு முப்பத்தாறு மணி நேரம்" என்று அவள் தணிந்த குரலில் ஆரம்பிப்பாள். அவ்வளவுதான், கரண்டிச் சத்தம் நின்றுவிடும். வலியில் அவள் பிடித்த பிடியில் கட்டிலின் இரும்புக் கம்பி வளைந்தது, ஒரு கால் அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தது, பிழைத்தது பெரிய விஷயம் என்று ஆஸ்பத்திரியே பேசிக்கொண்டது என்று ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடிக்கும்போது, சாப்பாட்டு நேரம் முடியும் மணியும் சரியாக அடிக்கும். அவள் கதையைக் கேட்பதற்கென்றே பக்கத்துக் கூடத்திலிருந்து இஸ்திரி போடுகிறவர்கள் வந்து நிற்பார்கள்.

இந்த முறை கேட்டுக்கொண்டிருந்தவள் காஜா. காலர் அக்காவின் கணவருக்குக் கூடப்பிறந்த தங்கை. அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே அண்ணிதான். ஏழாவது மாதம். கதை பாதி போகும்போதே காஜா டப்பாவை மூடி வைத்துவிட்டாள்.

காலர் அக்கா அதைக் கவனித்தாள். மனசுக்குள் ஒரு திருப்திகூட வந்தது. பயம் இருந்தால்தான் ஒரு பெண் மாடிப்படியில் பார்த்து இறங்குவாள், கனமான பக்கெட்டைத் தூக்க மாட்டாள், ஆஸ்பத்திரிக்கு ஒழுங்காகப் போவாள் என்பது அவளுடைய உறுதியான நம்பிக்கை. அவள் கெட்ட மனசுக்காரி இல்லை. நாத்தனார்மேல் உயிரையே வைத்திருந்தாள். அந்தப் பாசத்தில்தான் பயமுறுத்தினாள்.

அடுத்த இரண்டு மாதத்தில் காஜாவின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. ஒருநாள் பதினோரு சட்டைகளில் துளை இடம் மாறி வெட்டுப்பட்டிருந்ததாகச் செக்கிங் அக்கா திருப்பிக் கொடுத்தாள். தூக்கம் போதவில்லை என்றாள் காஜா. முதல் பிள்ளை என்றால் அப்படித்தான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

இதற்கு நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், எலக்ட்ரீஷியனான காலர் அக்காவின் கணவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, தங்கையைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாகச் சொன்னார். காலை பத்தரை மணிக்கு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாளாம். பஸ் தாமதம் என்றாளாம். போன தடவையும் அதே பெஞ்சில்தான் பார்த்ததாகவும், ஊர்வலம் மாதிரி ஊர்ந்து வருகிற அந்தப் பஸ்ஸை நம்பினால் பிள்ளை ஸ்டாண்டிலேயே பிறந்துவிடும் என்றும் அவர் சிரித்தார்.

காலர் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை என்பது காஜாவின் பரிசோதனை நாள். அதற்காகத்தான் அவள் அரை நாள் லீவு எடுக்கிறாள். பத்தரைக்கு அவள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்க வேண்டும். அந்த நிமிஷமே செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த நாத்தனார் வீட்டுக்கு நடந்தாள்.

காஜாவின் கணவன் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. காஜா கதவைத் திறந்ததும், காலர் அக்கா உட்காராமலே பரிசோதனை அட்டையைக் கேட்டாள். காஜா தயங்கினாள். பிறகு அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கடைசி மூன்று கட்டங்கள் வெறுமையாக இருந்தன. எடை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, கையெழுத்து இல்லை.

"மூணு தடவையும் போகலையா?"

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன் அண்ணி. ஒரு தடவை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூடப் போயிட்டேன். அதுக்கு மேல கால் எழும்பல."

"ஏன், என்ன செஞ்சிடுவாங்க உன்னை?"

"போனா படுக்க வச்சுப் பாப்பாங்க. பாத்தா எதையாவது சொல்வாங்க. போகாம இருந்தா எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சுக்கலாம் இல்லையா. கண்ண மூடினா கட்டிலும் கம்பியும்தான் வருது. நான் செத்துப்போயிடுவேன்னே தோணுது."

காலர் அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. "இந்தக் கண்றாவியையெல்லாம் எவ உன் தலைல ஏத்தினது?"

காஜா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாதா என்ற ஆச்சரியம்தான் இருந்தது.

"நீங்கதான் அண்ணி."

காலர் அக்கா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். 

மறுநாள் காலை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அவளே காஜாவின் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பிரசவப் பிரிவில் இருந்த சிஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதையே மேஜைமேல் தேடுகிற பெண்மணி. ரத்த அழுத்தம் பார்த்தபோது அவர் முகம் கொஞ்சம் இறுகியது. அழுத்தம் ஏறியிருந்தது. அபாயக் கட்டம் இல்லை. ஆனால் சும்மா விடவும் முடியாது. ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்து, டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இனி வாரம் இரண்டு தடவை வர வேண்டும் என்றார்.

பயத்தால்தான் ஏறிவிட்டதா என்று காலர் அக்கா குற்றவாளி மாதிரி கேட்டாள்.

"பயத்தால மட்டும்தான்னு நான் சொல்ல மாட்டேன்மா. இது பல காரணத்தால வரும்" என்றார் சிஸ்டர். "ஆனா பயந்துக்கிட்டு மூணு தடவை வராம இருந்தா பாருங்க, அதுதான் ஆபத்து. வந்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும். வியாழக்கிழமை மதியம் இங்க ஒரு வகுப்பு இருக்கு. பிரசவத்தப்ப கூட இருக்கப்போறது யாரோ, அவங்களும் வரணும்."

"நான்தான்" என்றாள் காலர் அக்கா, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே.

வகுப்பில் சிஸ்டர் முதலில் செய்த காரியம், ஆளில்லாத பிரசவ அறையைத் திறந்துவிட்டதுதான். ஒரு கட்டில், ஒரு விளக்கு, குழந்தையை எடை போடும் தராசு, சுவரில் கடிகாரம், கழுவித் துடைத்த தரை. காஜா கட்டிலின் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். அது நேராக இருந்தது. இரண்டு மாதமாக அவள் கனவில் வந்துபோன அறை இதைவிட நாலு மடங்கு பெரியதாகவும் இருட்டாகவும் இருந்ததாம். "இவ்வளவுதானா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

பயந்தால் உடம்பு ஓடத் தயாராகிறது என்று சிஸ்டர் விளக்கினார். தாடை, தோள், இடுப்பு எல்லாம் இறுகும். இறுகின உடம்பில் வலி கூடும். வலி கூடினால் பயம் கூடும். பிரசவமும் இழுத்துக்கொண்டே போகலாம். வலி விட்டு விட்டுத்தான் வரும், நடுவில் ஓய்வு உண்டு, அந்த ஓய்வைப் பயத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்றார். சிலருக்கு ஆபரேஷன் தேவைப்படும், அதில் தோல்வி ஒன்றும் கிடையாது, தாயும் பிள்ளையும் நலமாக வருவதுதான் கணக்கு என்றும் சொன்னார். பிறகு மூச்சுப் பயிற்சி.

அங்கேதான் காஜா தடுமாறினாள். எண்ணி இழு, எண்ணி விடு என்றால், அவள் எண்ணிக்கையில் கோட்டைவிட்டுப் பதற்றத்தில் மூச்சையே பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்த காலர் அக்காவுக்கு ஒரு வழி தோன்றியது.

"காலர்ல முனை வரும்போது நான் என்ன செய்வேன்?" என்று கேட்டாள்.

"பெடல்லேர்ந்து கால எடுப்பீங்க. ஊசிய துணியிலயே நிறுத்தி, துணிய மெதுவாத் திருப்புவீங்க."

"அவசரத்துல மிதிச்சா?"

"முனை சுருங்கிடும். செக்கிங் அக்கா மூஞ்சில விட்டெறிவாங்க."

"அவ்வளவுதான்டி. வலி வந்தா முனை வருதுன்னு நெனச்சுக்கோ. கால எடு. மூச்ச நீளமா விடு, தோளத் தொங்க விடு. முனை திரும்பினதும் அடுத்த முனை வர்ற வரைக்கும் நேர்த் தையல், ஜாலியா போகலாம்."

அது காஜாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. பதினைந்து வயதில் மெஷினில் உட்கார்ந்தவள். அந்தக் கால் தளர்வது அவள் உடம்புக்கே தெரிந்த விஷயம். தினமும் சாயங்காலம் இருவரும் பழகினார்கள். டைல்ஸ்காரனும் சும்மா விடப்படவில்லை. இடுப்பின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திக் கொடுக்கும் வேலை அவனுக்கு. அவன் ஒரு கண்ணை மூடி, ஒரே சீராக அழுத்துவதைப் பார்த்து, "என்னையும் லெவல் பாத்து ஒட்டிடாதீங்க" என்றாள் காஜா. பல வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

சாப்பாட்டு அறையில் காலர் அக்கா கதை சொல்வதை நிறுத்திவிட்டாள். கடை சாத்தியாச்சா என்று செக்கிங் அக்கா குத்திக் கேட்டாள். ஆமாம், சரக்கு கெட்டுப்போச்சு என்று சொல்லி, காலர் அக்கா பேச்சை மாற்றினாள். காஜாவின் ரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டது. அட்டையின் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின.

ஆனால் ஒன்றை மட்டும் காலர் அக்காவால் சொல்ல முடியவில்லை. ஒருநாள் பயிற்சிக்கு நடுவே, "முப்பத்தாறு மணி நேரம் எப்படி அண்ணி தாங்கினீங்க?" என்று காஜா கேட்டபோது, அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டாள். அடுப்பில் பால் இல்லை.

முப்பத்தாறும் இல்லை. அவளுக்குப் பிரசவம் ஆனது ஒன்பது மணி நேரத்தில்.

மகள் பிறந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், சாப்பாட்டு அறையில் அவள் ஒன்பது மணி நேரம் என்றுதான் சொன்னாள். யாரும் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. செக்கிங் அக்கா தன் இருபது மணி நேரத்தை எடுத்துவிட்டதும் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் இன்னொருத்திக்குச் சொல்லும்போது காலர் அக்காவுக்குப் பதினெட்டு ஆனது. அப்புறம் இருபத்துநாலு. கம்பி எந்த வருஷம் வளைந்தது என்று அவளுக்கே நினைவில்லை. முப்பத்தாறுக்கு வந்தபோது கூடமே வாயடைத்துப் போனது. அவளும் அங்கேயே நின்றுவிட்டாள். இப்போது அதைக் கலைத்தால் பன்னிரண்டு வருஷத்து மதிப்பும் சேர்ந்து போய்விடும். அவள் வாயைத் திறக்கவில்லை.

நாள் நெருங்கியது. ஒரு புதன்கிழமை விடிகாலையில் காஜாவுக்கு மெல்ல வலி கண்டது. அவள் பதறவில்லை. சிஸ்டர் சொல்லிக் கொடுத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டாள், குளித்தாள், கொஞ்சம் சாப்பிட்டாள், கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். இடைவெளி குறைந்ததும் பத்து மணிக்கு டைல்ஸ்காரன் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போன் செய்தான். காலர் அக்கா பாதிக் காலரை ஊசிக்கு அடியிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். சூப்பர்வைசர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

மதியம் வரை எல்லாம் நன்றாகவே போனது. முனை வந்தது, கால் எடுத்தாள், முனை திரும்பியது. நடுநடுவே தண்ணீர், நடை, டைல்ஸ்காரனைப் பற்றிக் கேலி. அப்புறம் தடுப்புக்கு அந்தப் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண் வாய்விட்டு அலறினாள்.

காஜாவின் முகம் வெளுத்தது. அடுத்த வலிக்கு அவள் பல்லைக் கடித்தாள். அதற்கடுத்ததற்குக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பை வில்லாக வளைத்தாள். காலர் அக்கா சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. சிஸ்டர் வந்து பார்த்தார். வலியின் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது, இப்போது தள்ளிப் போகிறது என்றார். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, ரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் ஏறுகிறது, பார்த்துக்கொண்டே இருப்போம், தேவைப்பட்டால் டாக்டர் முடிவெடுப்பார் என்று சொல்லிவிட்டு, காலர் அக்காவைத் தனியே பார்த்து, "வலியோட மல்லுக்கு நிக்கிறாம்மா. அவ மனசுல என்னமோ இருக்கு. அதக் கொஞ்சம் எறக்கி வைக்க முடியுமான்னு பாருங்க" என்றார்.

காஜா சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி இரண்டு.

"பத்து மணிக்கு வந்தேன் அண்ணி. நாலு மணி நேரம் ஆச்சு. இன்னும் முப்பத்திரெண்டு இருக்கு." விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "நாளைக்கு ராத்திரி வரைக்கும். என்னால முடியாது. அறுத்து எடுத்துடச் சொல்லுங்க. இல்ல, என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

காலர் அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. இந்தப் பெண் காலையிலிருந்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. முப்பத்தாறிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"ஒன்பது" என்றாள் காலர் அக்கா.

"என்ன ஒன்பது?"

"எனக்கு ஒன்பது மணி நேரம்தான் ஆச்சு. முப்பத்தாறு பொய்."

காஜா தலையைத் திருப்பினாள். வலியைக்கூட ஒரு கணம் மறந்தவள் மாதிரி அண்ணியின் முகத்தை ஆராய்ந்தாள். "என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றீங்க."

"உன் அண்ணனக் கேளு. காலைல கொண்டுவந்து விட்டாரு, சாயங்காலம் வந்து பொண்ணத் தூக்கினாரு. நான் சொல்லிச் சொல்லி ஏத்தினதுடி அது, வருஷத்துக்குக் கொஞ்சமா."

"அந்தக் கம்பி?"

"வளையல."

"ஒரு கால் அந்தப் பக்கம் போயிட்டு..."

"ரெண்டு காலும் இங்கதான் இருந்துச்சு."

காஜாவின் வாய் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்த வேகத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பு முடிவதற்குள் கோபம் வந்துவிட்டது. மூணு மாசமா தூங்கலை நான், பஸ் ஸ்டாண்டுல உக்காந்து அழுதேன், எல்லாம் ஒரு பொய்க்கா என்று கேட்டாள். காலர் அக்கா தலை குனிந்து நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து, இதுவரை கணவரிடம்கூடச் சொல்லாததைச் சொன்னாள்.

"ஒன்பது மணி நேரமும் நான் தனியா இருந்தேன். அப்பல்லாம் கூட யாரையும் உள்ள விடல. அடுத்து என்ன ஆகும்னு ஒருத்தரும் சொல்லல. கத்தாதேன்னு ஒருத்தி அதட்டிட்டுப் போனா. செத்துடுவேன்னே நெனச்சேன். வெளிய வந்து ஒன்பது மணி நேரம்னு சொன்னா, அந்தப் பயம் யாருக்கும் புரியல. அதான் நேரத்தக் கூட்டினேன் போல. வலி ஒன்பது மணி நேரந்தான். மிச்சம் இருபத்தேழும் பயம்."

காஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியாது. இனிமே உங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். ஆனா எவ்வளவு ஆனாலும் நான் இங்கேர்ந்து எழுந்து போக மாட்டேன். இப்ப முனை வருது பாரு. கால எடு."

காஜா கண்ணை மூடினாள். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. தாடை தளர்ந்தது. நீளமான ஒரு மூச்சு, காலையிலிருந்து உள்ளே அடைத்து வைத்திருந்தது மாதிரி, மெல்ல வெளியே வந்தது.

அதற்குப் பிறகு அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அதைச் சுவரிலிருந்து கழற்றச் சொல்ல வேண்டிய அவசியமே காலர் அக்காவுக்கு ஏற்படவில்லை. காஜா எழுந்து நடந்தாள். வலி வரும்போது அண்ணியின் தோளில் கையைப் போட்டு முழு பாரத்தையும் சாய்த்தாள். காலர் அக்கா பாறாங்கல் மாதிரி நின்றாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் மறுபடி அலறல் கேட்டபோது, "பாவம், அவங்ககூட யாராச்சும் இருக்காங்களா சிஸ்டர்?" என்று காஜா கேட்டாள். சிஸ்டர் இருக்கிறார்கள் என்றார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் மின்னியதைக் காலர் அக்கா பார்த்தாள்.

நாலரைக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. ஐந்தடிக்கும்போது, இனி உன் உடம்பு சொல்றபடி செய் என்றார் சிஸ்டர். காஜாவுக்கு வலிக்காமல் இல்லை. அவளும் கத்தினாள். ஆனால் அது ஓடிப்போகிறவளின் அலறல் இல்லை. பாரம் இழுக்கிறவள் போடும் சத்தம். அண்ணி பக்கத்தில் நின்று, வந்தாச்சு, வந்தாச்சு, கடைசி முனை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஐந்து இருபதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தலை நிறைய முடியும், ஊருக்கே கேட்கிற தொண்டையுமாக வந்தாள். சிஸ்டர் அவளைத் துடைத்து அம்மாவின் நெஞ்சில் போட்டதும், காஜா வியர்வையும் கண்ணீருமாக நிமிர்ந்து, "நான் செஞ்சிட்டேன் அண்ணி" என்றாள். ராணி தன் நாட்டைப் பிடித்துவிட்டு வந்து சொல்வது மாதிரி இருந்தது. காலர் அக்கா குழந்தையின் முடியை விரலால் ஒதுக்கிவிட்டாள்.  வெளியே டைல்ஸ்காரன் செய்தி கேட்டுச் சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். தாயையும் பிள்ளையையும் விட்டுவிட்டு இவரை யாராவது பாருங்கள் என்று வார்டே சிரித்தது.

தாயையும் குழந்தையையும் வார்டுக்கு மாற்றிய கொஞ்ச நேரத்தில், வேலை முடிந்த கையோடு தையல் கூடத்துப் பெண்கள் தலையில் நூல் துணுக்குகளோடு வந்து சேர்ந்தார்கள். குழந்தையைக் கொஞ்சி, யார் சாடை என்று சண்டை போட்டு முடித்ததும், செக்கிங் அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஆவலாக உட்கார்ந்தாள். "சரி, சொல்லு. எத்தனை மணி நேரம்? எத்தனை தையல்?"

காஜா அண்ணியைப் பார்த்தாள். காலர் அக்கா எழுந்து நின்றாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் இவ்வளவு பயந்து பேசியதில்லை. தன் முப்பத்தாறு மணி நேரம் பொய் என்பதையும், அந்தப் பொய்யால் இந்தப் பெண் மூன்று பரிசோதனைக்குப் போகாமல் ஒளிந்ததையும், ரத்த அழுத்தம் ஏறியதே தெரியாமல் இருந்ததையும், இன்று மதியம் என்ன ஆகியிருக்கும் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.  அடுத்து காறித் துப்புவார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள்.

செக்கிங் அக்கா தொண்டையைச் செருமினாள். "எனக்கும் நாப்பது தையல் இல்ல" என்றாள். "நாலு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கஃப் மெல்ல, "எங்க டாக்டர் கையெல்லாம் விரிக்கல. அந்தாளு அன்னிக்கு லீவு" என்றாள். வார்டில் வெடித்த சிரிப்பில் குழந்தை திடுக்கிட்டு விழித்தது.

சிரிப்பு அடங்கியபோதுதான் எதிர்க் கட்டிலில் இருந்த பெண்ணைக் காலர் அக்கா கவனித்தாள். நிறைமாதம். சின்ன வயசு. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் காஜாவிடம், ரொம்ப வலிக்குமா அக்கா என்று கேட்டாள்.

 காஜா குழந்தையைச் சரியாக அணைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"வலிக்கும்மா. நல்லாவே வலிக்கும். ஆனா விட்டு விட்டுத்தான் வரும், நடுவுல மூச்சு வாங்க நேரம் கொடுக்கும். எனக்கு எப்படிப் போச்சோ அப்படியே உனக்கும் போகும்னு சொல்ல முடியாது. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி. என்ன ஆகும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, பக்கத்துல ஒரு ஆள் இருந்தா, தாண்டிடலாம். நானே தாண்டிட்டேன் பாரு. உன்கூட யாரு இருக்காங்க?"

அம்மா ஊரிலிருந்து வந்துகொண்டிருப்பதாகவும், வந்துசேர இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும் என்றும் அந்தப் பெண் சொன்னாள். சொல்லும்போதே முகம் சுளித்து இறுகியது. வலி வந்துவிட்டது.

செக்கிங் அக்கா எழுந்தாள். தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்க் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு, அந்தப் பெண்ணின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மூச்சை எப்படி விட வேண்டும் என்று தெரியாமல் காலர் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். காலர் அக்கா போய், அந்தப் பெண்ணின் இறுகிய தோள்மேல் கை வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். வலி விலகி, அந்தப் பெண்ணின் முகம் தெளிந்ததும், தன் கூட்டத்துப் பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"பயமுறுத்தினா ஜாக்கிரதையா இருப்பாங்கன்னு இத்தனை நாள் நெனச்சேன். பயந்தவ ஆஸ்பத்திரி வாசல்லேர்ந்து திரும்பி ஓடினா, அவ்வளவுதான் நடந்துச்சு. பிள்ளை பெறப்போறவகிட்ட நம்ம பயத்த இறக்கி வைக்கறதுக்குப் பேர் அக்கறை இல்ல. உள்ளத உள்ளபடி சொல்லி, அவ கூடப் போய் நிக்கணும். அதுதான் அக்கறை."

"அதெல்லாம் சரி, அங்க நின்னு பிரசங்கம் பண்ணாத" என்றாள் செக்கிங் அக்கா, அந்தப் பெண்ணின் கையை விடாமலே. "இவளுக்கு அடுத்தது வருது. வந்து சொல்லு."